விரலில் மாட்டும் கிளிப் சொல்வதும் சொல்லாததும்

மூன்றாம் வருடம் பிஎஸ்சி நர்சிங் படிக்கிற தங்கச்சி ஒருத்தி கேட்ட கேள்வி இது. "நர்சிங்கில் நான்கு வகை அறிதல் இருக்கிறது என்று கார்ப்பர் சொன்னதை மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டேன், மார்க்கும் வந்துவிட்டது. ஆனால் வார்டில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சீனியர் சிஸ்டர் 'பார்த்தாலே தெரியும்' என்கிறார். காலேஜ் மேடம் 'எவிடென்ஸ் இல்லாமல் பேசாதே' என்கிறார். யார் சொல்வதை நம்புவது அக்கா?"

நான் நீலகிரியில்தான் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருக்கிறேன். கொஞ்ச காலம் கூடலூர்ப் பக்கம், மீதியெல்லாம் ஊட்டி. தத்துவம் எனக்குச் சரியாக வராது. உன் கேள்விக்கு அது தேவையும் இல்லை, ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று காட்ட விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று போதும்.

முதலில் பாடத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். பார்பரா கார்ப்பர் அமெரிக்க நர்ஸ். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் 1975இல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து 1978இல் அந்தக் கட்டுரையை எழுதினார். நர்சிங்கும் அறிவியல்தான் என்று காட்டுவதற்காக எல்லோரும் அளவையும் ஆராய்ச்சியையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த காலம். அளந்து அறிவது ஒரு வகைதான், அதோடு இன்னும் மூன்று இருக்கின்றன என்றார் அவர். எதிரில் படுத்திருக்கிற இந்த ஒரு ஆளுக்கு இந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று கண்டுகொள்வது, அவரோடு பழகுகிற தன்னைத் தானே அறிந்திருப்பது, எதைச் செய்வது முறை என்று தெரிந்திருப்பது. இந்த மூன்றில் முதலில் சொன்னதைத்தான் புத்தகத்தில் அழகியல் என்று போட்டு, படிக்கிறவர்களைக் குழப்பிவிடுகிறார்கள். கைப்பக்குவம் என்று சொல்லியிருந்தால் நம் அம்மாக்களுக்கே புரிந்திருக்கும். அதே மசாலா, அதே அளவு, குழம்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. பின்னால் வந்தவர்கள் இன்னும் சிலதைச் சேர்த்தார்கள், அது அப்புறம்.

சரி, கிளிப்புக்கு வருவோம்.

ஒரு ஜூலை மாதம், ஆண்கள் வார்டு. கொழுந்து பறிக்கிற எஸ்டேட்டில் மருந்து அடிக்கப் போய் முழுக்க நனைந்து வந்த ஒருவரை இருமலுக்காகச் சேர்த்திருந்தார்கள். உன்னை மாதிரி ஒரு ஸ்டூடன்ட் கிளிப்பை மாட்டினாள், 82 காட்டியது. முகம் வெளுத்துப்போய் ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓடினாள். அவரோ படுக்கையில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து பெட் ஆளிடம் மழையைப் பற்றி முழு வாக்கியத்தில் பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன், ஐஸ் கட்டி. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையைக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி மாட்டினேன். 95.

இதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "அனுபவம்னா அனுபவம்தான் அக்கா" என்றாள். இல்லவே இல்லை, இது சுத்தமான அறிவியல். அந்தக் கிளிப் சிவப்பு ஒளி ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்றும் விரலுக்குள் அனுப்பி, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று கணக்குப் போடுகிறது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கினால் துடிப்பு விரல் நுனிக்கு வராது, கருவி கிடைத்ததை வைத்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிடும். எண்ணைப் பார்க்கும் முன் திரையில் துடிப்பின் அலை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்குத்தான். எவிடென்ஸ் என்று உங்கள் மேடம் சொல்வது எண்ணை அல்ல, அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்கிற அறிவை. அவர் கட்சி எனக்குப் பிடிக்கும்.

அந்த 95ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நோயாளி மோசமாகிறாரா என்று மார்க் போட்டுப் பார்க்கிற இங்கிலாந்தின் எச்சரிக்கை மதிப்பெண் அட்டவணைப்படி (மார்க் ஏற ஏற ஆபத்து) 96க்குக் கீழே போனாலே ஒரு மார்க். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவருக்கே 94, 95 காட்டுவது இங்கே அபூர்வமில்லை. ஊட்டியில் பருப்பு வேக நேரமாகும் என்று எல்லா வீட்டிலும் தெரியும், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆனால் அதே காரணத்தால், கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்கிற ஆட்டோகிளேவில் மீட்டர் முள் 15 பவுண்டில் நின்றால் உள்ளே 121 டிகிரி வந்திருக்காது, 18க்கு மேல் போக வேண்டும் என்பதைச் சொன்னால் படித்தவர்களே ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள். சமையலறையில் தெரிந்திருப்பது கிருமிநீக்க ரூமுக்கு வரும்போது மறந்துபோகிறது.

இன்னொரு நாள் அதே கிளிப் நேர்மாறாகப் பொய் சொன்னது. டிசம்பர் கடைசி, சீசன் கூட்டம். கீழேயிருந்து சுற்றிப்பார்க்க வந்து காட்டேஜில் தங்கியிருந்த ஒரு குடும்பம், விடியற்காலையில் நான்கு பேரும் தலைவலி, வாந்தி என்று வந்தார்கள். சின்னப் பையன் தள்ளாடினான். வழியில் சாப்பிட்ட பிரியாணிதான் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள், நாங்களும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டோம். கிளிப்பில் 99, 98, 99, 98. ட்ரிப் போட ஆரம்பித்தாயிற்று. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா அந்த அம்மாவின் ஸ்வெட்டர் பக்கம் குனிந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சிஸ்டர், கரி வாசம் அடிக்குது. ராத்திரி ரூமுக்குள்ள அடுப்பு வெச்சாங்களான்னு கேளுங்க" என்றார்.

வைத்திருந்தார்கள். வெளியே கறி வாட்டிய அடுப்பில் கங்கு மிச்சம் இருந்ததாம், குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று உள்ளே இழுத்துவைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் பிடிமானத்தோடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய ரத்தமும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் அந்தக் கிளிப்பின் கண்ணுக்கு ஒரே சிவப்பு. ஆகவே ஆள் சாகக் கிடந்தாலும் 99 காட்டும். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, ஆயாம்மா முகர்ந்தது துணியில் ஏறியிருந்த கரிப்புகையை. உடனே நான்கு பேருக்கும் மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் வைத்தோம். சாதாரணக் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும், 100 சதவீத ஆக்சிஜனில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மதியத்துக்குள் பையன் பிஸ்கட் கேட்டான்.

இந்த அறிவை கார்ப்பரின் நான்கு டப்பாவில் எதில் போடுவாய்? வாயு எப்படி ஒட்டுகிறது என்பது எனக்குப் பரீட்சையில் வந்த கேள்வி, எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். ஆனால் அன்றைக்கு அதை எழுப்பிவிட்டது இந்த மலையில் ஐம்பது குளிர்காலம் கழித்த, பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுபோன ஒருவரின் மூக்கு. அவரிடம் காரணம் கேட்டால் "கரி ஆளைக் கொல்லும்" என்பார், அவ்வளவுதான். இப்போது எங்கள் பக்கம் குளிர்காலத்தில் குடும்பமாகத் தலைவலி என்று வந்தால் கிளிப்பை மாட்டும் முன்பே அடுப்பைப் பற்றித்தான் கேட்கிறேன்.

அடுத்து, உன் சீனியர் சிஸ்டரின் "பார்த்தாலே தெரியும்". இதை நான் கிண்டல் செய்ய மாட்டேன், என்னையே ஒருமுறை அது காப்பாற்றியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிது, நைட் ட்யூட்டி. சிறுநீர்த் தொற்று என்று சேர்ந்திருந்த ஒரு படுகப் பாட்டி. பத்து மணிக்குப் பார்த்த வைட்டல்ஸ், அதாவது பல்ஸ், பிபி, மூச்சு எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு மணிக்கு என்னோடு இருந்த சீனியர் அக்கா அந்தக் கட்டிலைக் கடந்து போனவர் திரும்பி வந்து, "இந்தப் பாட்டி சரியில்ல" என்றார். என்ன சரியில்லை என்று கேட்டேன். "தெரியல, சரியில்ல."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தபிறகு அவரே சொன்னார். பாட்டி தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணி நழுவிக் காதோரம் கிடந்தது. முந்தின நாள் முழுக்க அதில் யாரையும் கைவைக்க விடாமல், எழுந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டவர் அவர். இப்போது அது கிடப்பதே அவருக்குத் தெரியவில்லை. விரல்கள் மட்டும் கம்பளியின் நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தன. அக்கா வாட்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார், 28. சார்ட்டில் பத்து மணிக்கு 20 என்று இருந்தது. எழுதியது நான்தான். எண்ணினேனா என்று கேட்காதே. மூச்சுக்கு 20 என்று எண்ணாமலேயே எழுதுகிற பழக்கம் எந்த வார்டில் இல்லை சொல்லு? ஒரு ஆள் மோசமாகப் போகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதே அந்த எண்தான், அதைத்தான் நாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறோம்.

பாட்ரிசியா பென்னர் 1984இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் விளக்குகிறார். விமானிகளையும் செஸ் ஆடுகிறவர்களையும் வைத்து டிரைஃபஸ் சகோதரர்கள் சொன்ன ஐந்து படிகளை அவர் நர்சுகளுக்குப் பொருத்திப் பார்த்தார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார், கைதேர்ந்தவருக்கு மொத்தக் காட்சியும் ஒரே வீச்சில் தெரியும், ஏன் என்று உடனே சொல்ல வராது. மந்திரமெல்லாம் இல்லை. ஆயிரம் பாட்டிகளைப் பார்த்த கண் இந்தப் பாட்டியில் பொருந்தாத ஒன்றைப் பிடித்துவிடுகிறது, வாய்க்கு வார்த்தை வரத்தான் தாமதமாகிறது. 2016இல் நெதர்லாந்துக்காரர்கள் நர்சுக்குத் தோன்றும் கவலையையே ஒரு மதிப்பெண்ணாக்கி எச்சரிக்கை அட்டவணையோடு சேர்த்துப் பார்த்தார்கள். மூச்சில் மாற்றம், அமைதியின்மை, நோயாளியே "என்னவோ பண்ணுது" என்று சொல்வது எல்லாம் அதில் உண்டு. ஆக, உன் சீனியர் சொல்வதும் இப்போது எவிடென்ஸ் பட்டியலில் ஏறிவிட்டது, மேடத்திடம் சொல்லு.

ஆனால் தோன்றுவதை அப்படியே போனில் சொன்னால் வேலைக்கு ஆகாது. அக்கா முதலில் என்னை விட்டுத்தான் பேசச் சொன்னார். "டாக்டர், பாட்டி ஒரு மாதிரி இருக்காங்க" என்றேன். "காலையில ரவுண்ட்ஸ்ல பார்க்கலாம்" என்றார் அவர், தூக்கக் கலக்கத்தில். அக்கா போனை வாங்கி, "மூச்சு 28, பல்ஸ் 112, சாயங்காலம் பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்க இப்ப ஆள் தெரியாம பேசறாங்க, செப்சிஸா இருக்கும்னு நினைக்கிறேன், இப்பவே வந்து பாருங்க" என்றார். தொற்று முற்றி உறுப்புகளையே கெடுத்து உயிருக்கு ஆபத்தாவதுதான் செப்சிஸ். ஐந்து நிமிடத்தில் டாக்டர் வார்டில். விடிவதற்குள் பாட்டியைக் கீழே இறக்கிவிட்டோம். இங்கே கீழே என்றால் கோவை, கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி மேட்டுப்பாளையம் வழியாக மூன்று மணி நேரம் ஆகும், பனிமூட்டம் இருந்தால் அதற்கும் மேல். சமவெளியில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கண்டுபிடித்தாலும் சமாளிக்கலாம். மலையில் அந்த ஒரு மணி நேரத்தை ரோடு ஏற்கனவே எடுத்துக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதில் நான் நல்லவளாகவோ, குறைந்தபட்சம் கற்றுக்கொள்கிறவளாகவோ தெரிவேன். இப்போது சொல்லப்போவது அப்படி இல்லை. நான் அதிகம் யோசித்ததும் இதைத்தான்.

கூடலூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது, பழங்குடிக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு காலிலும் வலி என்று வந்தான். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைத்து வலி கொடுக்கிற சிக்கிள் செல் நோய் இருப்பது ஏற்கனவே தெரிந்தவன். இந்தியாவில் இந்த ரத்தக் கோளாறை முதலில் கண்டு எழுதியதே 1952இல் நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், அது எனக்குத் தெரியும். குளிர், உடம்பில் நீர் வற்றுவது, காய்ச்சல் இதெல்லாம் வலியைக் கிளப்பிவிடும் என்பதும் தெரியும். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றான். பல்ஸ் சாதாரணம், பிபி சாதாரணம், கிளிப்பில் 97. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு, "இவங்க வலி தாங்குவாங்க" என்று. டாக்டர் அவனுக்கு எழுதியிருந்ததில் லேசான மாத்திரையை மட்டும் நான் கொடுத்துவிட்டு, காலியாக இருந்த ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினேன். மழைக்காலம், ஜன்னல் சரியாகச் சாத்தாது, எல்லா ஸ்டாஃபுக்கும் அது தெரியும்.

விடியற்காலை ட்ரிப் மாற்றப் போனபோது அவன் அதே பக்கம் திரும்பிக் கிடந்தான். போர்வையின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான், அந்த இடம் நனைந்து நைந்துபோயிருந்தது. கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருந்த அவன் அம்மா எழுந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார், "அவன் பேசாம கெடந்தா ரொம்ப வலிக்குதுன்னு அர்த்தம் சிஸ்டர். சின்னதுலேர்ந்து அப்படித்தான்."

ராத்திரி முழுக்க அந்த அம்மா இரண்டடி தள்ளி இருந்தார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குக் கைப்பக்குவம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. "பார்த்தாலே தெரியும்" என்றுதான் அவனையும் பார்த்தேன், பார்த்தது அவனை இல்லை, எங்கள் வார்டின் பேச்சை. கார்ப்பர் இந்த இடத்தில் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயியை எடுத்துக்கொண்டு ஒரு வித்தியாசம் சொல்கிறார். ஒன்றைப் பார்த்ததும் பேர் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வேறு, நின்று அதை உள்வாங்குவது வேறு. நான் பேர் ஒட்டிவிட்டு நகர்ந்தவள். நாள்பட்ட வலி உள்ளவர்களுக்குப் பல்ஸும் பிபியும் ஏறாமலே இருக்கலாம் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது, அதையும் அன்றைக்கு நான் தேடவில்லை. சீனியரின் கண்ணில் அறிவும் இருக்கும், பழகிப்போன தப்பெண்ணமும் இருக்கும். உள்ளிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி உறுதியோடுதான் தோன்றும், அதுதான் சிக்கல்.

கருவிக்கும் இதே வியாதி உண்டு என்பது பிறகு தெரிந்தது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டும்போதே ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே போயிருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. நம் நிறத்துக்கு இதை யோசிக்காமல் இருக்க முடியுமா?

பின்னால் சேர்த்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. 1993இல் மன்ஹால் என்பவர் "அறியாதிருத்தல்" என்பதையே ஓர் அறிதல் முறையாக வைத்தார். உனக்கு இவரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டே போய் உட்கார் என்கிறார். படித்த புதிதில் சிரித்தேன், அந்தப் பையனுக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை. 1995இல் ஜில் வைட் சமூக, அரசியல் அறிவைச் சேர்த்தார். இதற்கு நீலகிரியில் உதாரணம் தேடவே வேண்டாம். கர்ப்பிணிப் பெண் செக்கப்புக்கு வரவில்லை என்றால் சார்ட்டில் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுகிறோம். பந்தலூர்ப் பக்கம் சாயங்காலம் ஆனால் ரோட்டில் யானை நிற்கும், மினி பஸ் போனால் போனதுதான், ஒருநாள் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் கூலி கிடையாது. ஓபியை மதியத்துக்குள் முடித்து அனுப்பினால் அவள் வந்திருப்பாள். இதை கிராம சுகாதார செவிலியர்களிடம் கேட்டால் ஊர் ஊராகச் சொல்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

அற அறிவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லாதீங்க சிஸ்டர்" என்று மகன் வாசலில் மறிக்கும்போது உள்ளே அந்த அம்மா என் கையைப் பிடித்து "எனக்கு என்னம்மா?" என்று கேட்பதற்கு எந்தக் கருவியும் இல்லை. இப்போதெல்லாம் நான், "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கும்மா?" என்று திருப்பிக் கேட்கிறேன். சிலர் எல்லாம் வேண்டும் என்கிறார்கள், சிலர் "மகன்கிட்ட சொல்லிடு" என்கிறார்கள். அதைப் போய் டாக்டரிடமும் மகனிடமும் சொல்லுகிறேன். சரியான வழியா என்று கேட்டால் இன்றைக்கு வரை இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை.

யாரை நம்புவது என்றுதானே கேட்டாய். மேடம் சொல்வதை வைத்து சீனியரைச் சோதித்துப் பார், சீனியருக்குத் தோன்றுவதை வைத்து சார்ட்டைச் சோதித்துப் பார், இரண்டு பேரும் ஒத்துப்போகிற நாளில் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிற அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். "இவர் சரியில்லை" என்று தோன்றினால் நேரத்தோடு ஒரு வரி, மறுநாள் என்ன ஆயிற்று என்று பக்கத்தில் ஒரு வரி. எனக்குத் தோன்றியதெல்லாம் பலித்துவிட்டது என்று அதைப் பார்க்கும் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பரீட்சையில் இது மறுபடி வந்தால் கரி அடுப்பு உதாரணத்தை எழுது, நான்கு வகையையும் அதில் இழுத்துக் கட்டலாம். பேப்பர் திருத்துகிறவர் சென்னைக்காரராக இருந்தால் குளிருக்கு எதற்கு ரூமுக்குள் அடுப்பு என்று முழிப்பார், ஊட்டியில் டிசம்பர் ராத்திரி பூஜ்யத்தைத் தொடும் என்று பக்கத்தில் ஒரு வரி போட்டுவிடு.